டெல்லி வரைக்கும் போய் தேடின பேரு சிங்கப்பூர்ல இருந்துச்சு

எங்க அம்மாச்சியோட அப்பா ரெண்டாம் உலகப்போருக்குப் போனவர், திரும்பி வரல. வீட்ல இருக்கிற ஒரே ஆதாரம் அவரு சம்சாரத்துக்கு வந்த பென்ஷன் பேப்பர், மடிப்புலயே கிழிஞ்சு நாலு துண்டா கெடக்கு. அவர் பேரு எங்கயாவது கல்லுல இருக்கும்லனு அம்மாச்சி கேட்டுட்டே இருப்பாங்க.

முதல்ல ஒரு ஆபீசுக்குப் போனேன். அங்க இருந்தவர் நிமிர்ந்துகூட பாக்காம "டிஸ்சார்ஜ் புக் இருக்கா?"ன்னார். சார், அவரு போர்லயே செத்துட்டாரு, டிஸ்சார்ஜே ஆகலயேன்னா, "அப்ப அது இல்லாம பாக்க முடியாது"ங்கறார். இதுக்கு மேல என்ன பேசுறது!

சரி, இந்தியா கேட்ல எல்லார் பேரும் இருக்கும்னு யாரோ சொன்னத நம்பி டெல்லிக்கு டிக்கெட் போட்டேன் பாருங்க, அதான் பெரிய முட்டாள்தனம். அந்தப் புல்வெளி, 42 மீட்டர் வளைவு எல்லாம் அழகுதான், ஆனா அதுல இருக்கிறது முதல் உலகப்போர், அப்புறம் 1919 ஆப்கான் போர்ல செத்தவங்க பேரு. பக்கத்துல 2019ல திறந்த தேசிய போர் நினைவுச் சின்னத்துல கேட்டா, காவலுக்கு நின்னவர் பொறுமையா சொன்னார், இது சுதந்திரத்துக்கு அப்புறம் செத்தவங்களுக்குனு. எங்காளு 1942. ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டார்.

அன்னைக்கு ராத்திரி லாட்ஜ்ல படுத்துக்கிட்டே காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் சைட்ல தேடினேன், ரெண்டு உலகப்போர்லயும் செத்த காமன்வெல்த் படைக்காரங்களோட கல்லறை, நினைவுச் சின்னம் எல்லாம் பாத்துக்கற அமைப்பு அது. இத மொதல்லயே செஞ்சிருக்கணும், காசே கிடையாது. ஆனா பேரப் போட்டா வரல. நம்மாளுங்களுக்கு குடும்பப் பேரு கிடையாதுல்ல, ஒத்தப் பேரத்தான் சர்நேம் பெட்டில போடணும், இன்னொரு பெட்டிய காலியா விடணும். ஸ்பெல்லிங்கும் அன்னைக்கு எழுதினவன் காதுல விழுந்த மாதிரிதான் இருக்கும், கடைசி எழுத்து I-யா Y-யான்னு மாத்தி மாத்திப் போடுங்க. ஊரத் தேடறதா இருந்தா திருச்சி தஞ்சாவூர்னு தேடாதீங்க, ட்ரிச்சினோபோலி, டேஞ்சூர்னு வெள்ளைக்காரன் எழுதின மாதிரி தேடுங்க. எனக்கு கடைசில கை குடுத்தது அந்தக் கிழிஞ்ச பேப்பர்ல இருந்த சர்வீஸ் நம்பர்தான், ஒரு இலக்கம் சரியா மடிப்புல போயிருச்சு, பூஜ்யத்துலருந்து ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன். ஏழு போட்டப்ப வந்துருச்சு. மெட்ராஸ் சாப்பர்ஸ்ங்கற ராணுவ இன்ஜினியர் படை, சிங்கப்பூர் மெமோரியல், காலம் (column) நம்பரோட! லாட்ஜ்ல தனியா கத்திட்டேன்.

அது கிராஞ்சில இருக்கு, கல்லறை இல்லாதவங்க 24,000 பேருக்கு மேல அங்க சுவத்துல பேரு. சிங்கப்பூர்ல வேல பாக்குற மாமா பையன் போனான். பேர மட்டும் வாட்ஸப்ல அனுப்பிட்டேன், அவன் ஒரு மணி நேரம் வெயில்ல சுத்திட்டு என்னத் திட்டினான். அங்க ரெஜிமென்ட், அதுக்குள்ள ரேங்க், அதுக்கப்புறம்தான் பேரு வரிசை. அதனால மூணும் காலம் நம்பரும் சேத்து எழுதி எடுத்துட்டுப் போங்க.

போட்டோ வந்ததும் அம்மாச்சிகிட்ட நீட்டினேன். எழுத்த விரலால தடவுனாங்க, தடவத் தடவ போட்டோ நகந்து நகந்து போச்சு, "இருடா, ஓடாம பிடி"ன்னாங்க. நாளைக்கு பிரிண்ட் போடணும்.