ஸ்டென்ட் வைத்து காயில் அடைக்கும்போது: கேத் லேபுக்கு முன்னும் பின்னும்

மூளை ரத்தக்குழாயின் சுவர் மெலிந்து பைபோல உப்பியிருப்பது அனியூரிசம். அது வெடிக்கும் முன்பே தெரியவந்து, பையின் கழுத்து அகலம் என்பதால் ஸ்டென்ட் துணையோடு காயில் (பைக்குள் வைக்கும் மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருள்) வைத்து அடைக்கலாம் என்று முடிவானால், வீட்டார் கேத் லேபை, அதாவது ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் அறையை, நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் வேலையோ மாத்திரைதான்.

ஸ்டென்ட், காயில் வெளியே நழுவாமல் பையின் கழுத்தில் தாங்கும் ஓர் உலோக வலை. அதில் ரத்தம் உறைந்து ஒரு துணுக்கு மேலே போனாலும் பக்கவாதம். அதனால் ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரெலும் பொதுவாக 5 முதல் 7 நாள் முன்பே தொடங்கப்படும். க்ளோபிடோக்ரெல் கல்லீரலில் மாறிய பிறகே வேலை செய்யும். பிறவியிலேயே அந்த மாற்றம் மந்தமாக இருப்பவர்கள் நம்மிடையே குறைவில்லை. ரத்தத்தட்டு (உறைவுக்கு உதவும் ரத்த அணு) பரிசோதனையில் மருந்து பிடிக்கவில்லை என்று தெரிந்தால் டிகாக்ரெலார் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். வயிற்றெரிச்சலுக்கு ஒமிபிரசோல் சாப்பிடும் பழக்கம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அது க்ளோபிடோக்ரெலின் வேலையைக் குறைக்கும். பேன்டோபிரசோல் அந்த அளவுக்குக் குறுக்கிடாது.

சிகிச்சை நாளன்று நடக்கும் தவறு ஒன்று உண்டு. வெறும் வயிறு என்றதும் இந்த மாத்திரைகளையும் நிறுத்திவிடுவது. வேண்டாமென்று மருத்துவர் சொல்லாதவரை, ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்க வேண்டியவை இவை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவு, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், முன்பு படமெடுக்கச் செலுத்தும் சாய மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனது ஆகியவற்றையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பெரும்பாலும் முழு மயக்கத்தில், தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாக வழிகாட்டிக் குழாய் கழுத்துவரை போகும். அதனுள்ளே மைக்ரோ கதீட்டர் என்ற இன்னும் மெல்லிய குழாய் பைக்குள் நுழையும். முதல் காயில் கூடைபோலச் சட்டம் அமைக்கும், பின்னால் வரும் சிறியவை உள்ளே நிரப்பும். பிளாட்டினக் காயிலை மின்சாரத்தால் கழற்றிவிடும், இத்தாலிய மருத்துவர் குக்லியெல்மியின் முறைக்கு அமெரிக்காவில் 1995இல் அனுமதி கிடைத்தது. நன்றாக அடைத்தாலும் பையின் கொள்ளளவில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் உலோகம் நிரப்பும். மீதியை நிரப்புவது உறைந்த ரத்தம். பைக்குள் உறைய வேண்டும், வலையில் உறையக் கூடாது. உறைவைத் தடுக்கும் ஹெப்பரின் மருந்தைக் கொடுத்து, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை 250 முதல் 300 விநாடிக்குள் வைத்திருப்பது இதற்காகத்தான். காயில் நுனி சுவரைத் துளைத்துவிட்டால் ஹெப்பரினைப் புரோட்டமின் என்ற மாற்று மருந்தால் முறித்து, மேலும் காயில் வைத்து வேகமாக அடைப்பார்கள்.

தொடை வழி என்றால் காலை மடக்காமல் சில மணி நேரம் படுத்திருக்க வேண்டும். இடுப்பிலோ அடிவயிற்றிலோ புது வலியும் வியர்வையும் வந்தால் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள். வெளியே வீக்கம் தெரியாமலே உள்ளே ரத்தம் கசியலாம்.

வீட்டுக்கு வந்தபின் இரட்டை மாத்திரை பெரும்பாலும் 3 முதல் 6 மாதம், ஆஸ்பிரின் அதற்கு மேலும். பல் பிடுங்கப் போன இடத்தில் நிறுத்தச் சொன்னால், ஸ்டென்ட் வைத்த மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடாதீர்கள். சுமார் 6 மாதத்தில் வரச் சொல்லும் ஆஞ்சியோவையும் (சாயம் செலுத்தி ரத்தக்குழாயைப் படமெடுப்பது) தள்ளிப்போடக் கூடாது: ரத்த ஓட்டத்தின் அழுத்தத்தில் காயில் அமுங்கி, கழுத்தருகே பை மறுபடி திறந்திருக்கலாம். வலி எதுவும் இருக்காது, படத்தில்தான் தெரியும்.