மாலத்தீவுக்குப் போக 96, திரும்பி வர 72

கொரோனா காலத்துப் பயணத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் பலரும் மூக்கில் குச்சி விட்டதைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. என்னைப் படுத்தி எடுத்தது எத்தனை மணி நேரத்துக்குள் சோதனை எடுக்க வேண்டும் என்ற கணக்குதான். 2021 அக்டோபரில், பூஜை விடுமுறையை ஒட்டி, கோயம்புத்தூரிலிருந்து கொச்சி வழியாக மாலத்தீவு போய் வந்தோம். கேரளம், மாலத்தீவு, இந்தியா, தமிழ்நாடு என்று நான்கு அரசாங்கங்களின் விதிகளைத் தாண்ட வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் நியாயமாகத்தான் இருந்தது. நான்கையும் ஒரே காலண்டரில் பொருத்திப் பார்த்தபோதுதான் தலை சுற்றியது.

இந்த நேரத்தில் போயே ஆக வேண்டுமா என்று வீட்டில் கேட்காதவர்கள் இல்லை. மாஃபுஷி தீவில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்கு 2020 ஏப்ரலுக்கென்று முன்பணம் கட்டியிருந்தோம். அந்த மார்ச் கடைசியில் மாலத்தீவு சுற்றுலா விசாவை நிறுத்தியது, ஜூலை 15-ல் திறந்தது. 2021 மே 13-ல் நம்மைப் போன்ற தெற்காசியக்காரர்களுக்கு மட்டும் கதவைச் சாத்தி, மறுபடியும் ஒரு ஜூலை 15-ல் திறந்தது. கெஸ்ட் ஹவுஸ்காரர் பொறுமைசாலி. பணத்தைத் திருப்பித் தர முடியாது, ஆனால் இந்த வருடத்துக்குள் எப்போது வந்தாலும் அறை உண்டு என்றார். பாப்பாவுக்கு ஏழு வயது. அவளுக்குப் பள்ளி இன்னும் ஆன்லைனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இனியும் தள்ளிப்போட்டால் பணம் போய்விடும் என்று கிளம்பினோம்.

நான், கணவர், அம்மா மூவரும் இரண்டு தவணை ஊசியும் போட்டு மாதக்கணக்காகியிருந்தது. அதனால் வேலை சுலபம் என்று அம்மா நினைத்திருந்தார். ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் மாலத்தீவுக்கு ஆர்டி-பிசிஆர் நெகட்டிவ் ரிப்போர்ட் வேண்டும் என்று சொன்னதும், "அப்புறம் எதுக்குங் கண்ணு ரெண்டு தடவை காய்ச்சல்ல படுத்தேன்?" என்றார். ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அந்த விதி இருந்தது. ஆகவே பாப்பாவுக்கும்.

அப்போதைய விதி இப்படி: முதலில் விமானம் ஏறும் ஊரிலிருந்து கிளம்பும் நேரத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் மாதிரி எடுத்திருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், லேபின் பெயரும் முகவரியும், மாதிரி எடுத்த தேதி எல்லாம் இருக்க வேண்டும். அதோடு இமூகா என்ற அவர்களுடைய தளத்தில் உடல்நல அறிவிப்புப் படிவத்தை, கிளம்புவதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் நிரப்பி, வரும் க்யூஆர் கோடைக் கையில் வைத்திருக்க வேண்டும். முன்கூட்டியே நிரப்பி வைத்துவிட்டு நிம்மதியாகப் பெட்டி கட்டலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

96 மணி நேரம் என்பது தாராளமான அவகாசம்தான். நமக்குச் சிக்கல் பெயரில். ஆதாரில் இனிஷியலோடு இருக்கும் ஒரு பெயர் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ முழுதாக விரித்துக்கொண்டு நிற்கும். ஊசிச் சான்றிதழ் ஆதாரை வைத்து வந்தது, விமான டிக்கெட் பாஸ்போர்ட்டை வைத்து வந்தது. அம்மாவுக்கு இன்னும் ஒரு படி மேலே: ஆதாரில் கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல், பாஸ்போர்ட்டில் கல்யாணத்துக்குப் பிந்தைய பெயர். ஊசிச் சான்றிதழ் தரும் கோவின் தளத்தில் அந்த ஜூன் மாதத்திலிருந்தே பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்க வழி வந்திருந்தது. பெயரைத் திருத்த ஒரே ஒரு வாய்ப்புதான் என்பதால், சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்துமுன் நானும் கணவரும் எழுத்து எழுத்தாகச் சத்தம் போட்டு வாசித்துச் சரிபார்த்தோம். அது சரியாக வந்தது.

லேபில்தான் வரவில்லை. சனிக்கிழமை மாதிரி கொடுக்கப் போனபோதே நான்கு பாஸ்போர்ட்டையும் நீட்டினேன். கம்ப்யூட்டரில் இருந்த பையன் அதைத் திறக்காமலே, "ஆதார் குடுங்க போதும், பாஸ்போர்ட் நம்பருக்கு இதுல இடம் இல்லைங்க" என்றான். வெளிநாட்டுக்குப் போகிறவர்களுக்கு எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அவர்கள் போன் செய்து கேட்டால் மாற்றித் தருவோம் என்றான். அதாவது முதலில் தப்பாகத் தருவது, கேட்டால் சரியாகத் தருவது. ஞாயிறு இரவு வந்த ரிப்போர்ட்டில் நால்வரும் நெகட்டிவ். ஆனால் அம்மா வேறு யாரோ ஒரு அம்மாவாக இருந்தார், பாப்பாவுக்கு இனிஷியலே இல்லை. திங்கள்கிழமை முழுக்கக் கணவர் அந்த லேப் வாசலில் இருந்தார். திருத்தியது கைக்கு வந்தபோது மாலை. அதற்குள் இமூகாவின் 24 மணி நேரம் ஓட ஆரம்பித்திருந்ததால் போனிலேயே நான்கு படிவத்தையும் நிரப்பினேன்.

இன்னொன்றும் உறுத்தியது. தனியார் லேபில் இந்தச் சோதனைக்குத் தமிழ்நாட்டில் அப்போது அரசு நிர்ணயித்த கட்டணம் 900 ரூபாய், கேரளத்தில் 500. மாநில எல்லையான வாளையாருக்கு இந்தப் பக்கம் எடுத்ததால் நான்கு பேருக்கு 1,600 ரூபாய் கூடுதல். கொச்சி போய் எடுத்திருக்கலாமே என்றால், கேரளத்துக்குள் நுழைவதற்கே அந்த அரசின் ஜாக்ரதா தளத்தில் பதிவும் ஊசிச் சான்றிதழோ ரிப்போர்ட்டோ வேண்டியிருந்தது. பாப்பாவுக்கு ஊசி ஏது? அப்போது நாட்டில் எந்தக் குழந்தைக்கும் ஊசி போட ஆரம்பிக்கவில்லை.

கொச்சி கவுண்டரில் எல்லாவற்றையும் பார்த்த பெண் மாதிரி எடுத்த நேரத்திலிருந்து விரல் விட்டு எண்ணினார். சரியாக இருந்தது. மாலே விமான நிலையத்தில் க்யூஆர் கோடைக் காட்டினோம், முத்திரை விழுந்தது, விசாவுக்குக் காசில்லை. சண்டை போடத் தயாராக வந்திருந்த எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஸ்பீட்போட்டில் மாஃபுஷி. கடலைப் பற்றி எழுத ஏராளமான பேர் இருக்கிறார்கள், விட்டுவிடுகிறேன்.

திரும்பும் கணக்குதான் உண்மையிலேயே கழுத்தைப் பிடித்தது. இந்தியாவுக்குள் வர, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கான ஏர் சுவிதா படிவமும், கிளம்புவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆரும் அப்போது வேண்டியிருந்தது. கொச்சியில் இறங்குகிறவர்களும் டெல்லி விமான நிலையத்தின் இணையதளத்தில்தான் படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது. ரிப்போர்ட் பொய்யானால் குற்ற வழக்குக்கு உட்படுவேன் என்று ஒரு உறுதிமொழியும் இருந்தது. எங்கள் விமானம் ஞாயிறு மதியம் என்பதால் வியாழன் மதியத்துக்கு முன்னால் மாதிரி எடுத்தால் செல்லாது. மாலத்தீவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. வெள்ளிக்கிழமை அரசு ஃபெரியே ஓடாது. மாதிரி மாலேவுக்குப் போய் அங்கே சோதனை முடிந்து வர வேண்டும். ஆக, வியாழன் மதியத்துக்கும் அன்று மாலை கடைசிப் படகுக்கும் இடையில் ஒரு சின்னச் சந்து. அதற்குள் நான்கு மூக்கும் நுழைய வேண்டும்.

கெஸ்ட் ஹவுஸ்காரரே ஏற்பாடு செய்தார். டாலரில் வாங்கினார்கள், நான்கு பேருக்கும் சேர்த்து அறைக்குக் கொடுத்த ஒரு நாள் வாடகையைத் தாண்டிவிட்டது. வந்த நர்ஸ் மலையாளி. பாப்பா என் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள், கோயம்புத்தூரில் எடுத்தபோது அவள் போட்ட கூச்சல் எனக்கு நினைவிருந்தது. அந்த நர்ஸ் குச்சியைக் கையில் எடுக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து, "மோளுக்குப் பத்து வரைக்கும் எண்ணத் தெரியுமா?" என்று தமிழும் மலையாளமும் கலந்து கேட்டார். ஏழு வயதுக்காரிக்கு அது அவமானம். நூறு வரைக்கும் தெரியும் என்று முன்னால் வந்தாள். அண்ணாந்து எண்ணச் சொன்னார், குச்சி எப்போது பிரிந்தது என்று எனக்கே தெரியவில்லை, ஆறு என்று சொல்லும்போது குழாய்க்குள் போட்டு மூடியாகிவிட்டது. பாப்பா மட்டும் விடாமல் பத்து வரை எண்ணி முடித்தாள்.

வெள்ளியும் சனியும் கடலில் யாருக்கும் மனசு நிற்கவில்லை. யாருக்காவது பாசிட்டிவ் வந்துவிட்டால்? ஒருவர் தனிமையில் இருக்க, மற்றவர்கள் டிக்கெட்டை மாற்ற, மாற்றியபின் எல்லோருக்கும் புதிதாக இன்னொரு 72 மணி நேரம். அம்மா ஒருமுறை தும்மியதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம். "மிளகாய்ங்க, ஒண்ணுமில்ல" என்றார் தட்டைக் காட்டி. சனி மாலை ரிப்போர்ட் வந்தது. நால்வரும் நெகட்டிவ், பாஸ்போர்ட் எண்ணோடு, பெயரில் ஒரு எழுத்துகூடப் பிசகாமல். படிவத்தை நிரப்பி முடிக்க ராத்திரி ஆயிற்று.

கொச்சியில் இறங்கி, டாக்சி பிடித்து, வாளையார் வரும்போது இருட்டிவிட்டது. கேரளத்திலிருந்து வருகிறவர்களிடம் 72 மணி நேரத்துக்குள் எடுத்த நெகட்டிவ் ரிப்போர்ட், அல்லது இரண்டாம் தவணை போட்டு 14 நாள் ஆனதற்கான சான்றிதழ் கேட்க வேண்டும் என்று அந்த ஆகஸ்ட் 5 முதல் தமிழ்நாடு உத்தரவு போட்டிருந்தது. அம்மா பெருமையாகச் சான்றிதழை நீட்டினார். பயணம் முழுவதிலும் ஊசிக்கென்று மதிப்பு இருந்தது இந்த மாநில எல்லையில் மட்டும்தான். வெளிநாடு போகவும் வரவும் பயன்படாத காகிதம், கோயம்புத்தூருக்குப் பக்கத்தில் பயன்பட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாப்பாவுக்கு ஊசி இல்லை. வியாழன் மாலை நான்கு மணிக்கு எடுத்த அவளுடைய ரிப்போர்ட் விமானம் ஏறும்போது செல்லுபடியாக இருந்தது. இப்போது ஞாயிறு ராத்திரி ஒன்பது மணி. 77 மணி நேரம். கணவரிடம் மெதுவாகச் சொன்னேன். "நீ எண்ணாத, அவர் எண்ணட்டும்" என்றார்.

டார்ச் அடித்துப் பார்த்த ஊழியர் எங்கள் மூவரின் சான்றிதழையும் புரட்டினார். பாப்பாவின் ரிப்போர்ட்டை வாங்கி, மேலே இருந்த தீவின் பெயரைக் கொஞ்ச நேரம் படித்தார்.

"இது எங்கீங்க இருக்கு?"

"மாலத்தீவுங்க."

"அங்கெல்லாமா போய் டெஸ்ட் எடுத்தீங்க?" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தவர், பாப்பாவின் நெற்றியில் வெப்பமானியைக் காட்டிவிட்டு, வண்டியை எடுக்கச் சொல்லிக் கை காட்டினார்.