மக்கள் பாடும் சுருதி

வழிபாட்டில் பாடல்கள் நன்றாக அமைந்தனவா என்பதைப் பாடகர் குழுவைக் கேட்டு நான் முடிவு செய்வதில்லை. கடைசி வரிசையில் நிற்பவர்களின் உதடுகள் அசைகின்றனவா என்று பார்த்தே முடிவு செய்கிறேன். காரைக்குடிப் பக்கத்துக் கத்தோலிக்கப் பங்கு (ஓர் ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் சமூகம்) ஒன்றில் பாடகர் குழுவைப் பழக்கும் பணியில் பல ஆண்டுகளாக இருக்கும் எனக்கு இதைவிட நம்பகமான அளவுகோல் கிடைத்ததில்லை. கண்களை மூடிக் கைகளை விரிப்பதும், கண்ணீர் வரவழைப்பதற்கென்றே சொற்களை இழுப்பதும் எளிதில் கற்றுக்கொள்ளக் கூடியவை. அவற்றை நான் பக்திக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மக்கள் மனமுருகிப் பாடுவதற்கு முதல் தடையாக நிற்பது பெரும்பாலும் சுருதிதான். பல்லவியில் சாதுவாக நடக்கும் மெட்டு, சரணத்தில் மேல் சட்ஜத்தை (ஸ) தாண்டி மேல் காந்தாரத்தை (க) தொடும். அந்த உச்சியைப் பார்த்துச் சுருதி வைக்க வேண்டுமே தவிர, பல்லவியையோ, தனியாகப் பாடும் பெண்ணின் இனிய குரலையோ பார்த்து வைக்கக் கூடாது. ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும், வீடுகளில் சமையல் வேலை செய்யும் வயதான அம்மா ஒருவர் கீபோர்டு வாசிக்கும் இளைஞரிடம் வந்து, "தம்பி, பாட்டு நல்லாத்தான் இருக்கு, ஆனா அம்புட்டு உசரத்துக்கு எங்களுக்கு எட்டலயேப்பா" என்றார். அவர் சொன்னது, மக்கள் நற்கருணை வாங்கும்போது பாடப்படும் திருவிருந்துப் பாடலை. அடுத்த வாரம் அதே பாடலை இரண்டு கட்டை இறக்கி வாசிக்கச் சொன்னேன். குழுவினருக்கு அது மந்தமாகப் பட்டது. ஆனால் சரணம் வந்தபோது, அதுவரை கைகட்டி நின்ற ஆண்கள் பக்கத்திலிருந்தும் குரல் எழுந்தது.

கச்சேரிகளில் தமிழில் பாட வேண்டும் என்ற குரல் ஓங்கி ஒலித்த மண் இது. காரைக்குடிக்கு அருகிலுள்ள கானாடுகாத்தானைச் சேர்ந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று வளர்த்த இயக்கத்தின் விளைவாக 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. கத்தோலிக்கத் திருப்பலி தாய்மொழிக்கு வர வழிதிறந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் (உலக ஆயர்கள் கூடிய பேரவை) வழிபாட்டு ஏடு 1963 டிசம்பர் 4 அன்று வெளிவந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. கச்சேரி மேடையும் பலிபீடமும் வேறு வேறு. ஆயினும், பாடப்படுவது கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்ற எண்ணம் இரண்டிலும் இருந்தது. வழிபாட்டு ஏடு அதற்கும் ஒரு படி மேலே சென்று, மக்கள் முழுமையாகவும் செயல்முறையிலும் பங்கேற்க வேண்டும் என்கிறது. பாடல் தமிழில் இருந்தும் மக்கள் வாய் திறக்காமல் நின்றால் அந்த ஏட்டின் நோக்கம் பாதிதான் நிறைவேறியிருக்கிறது.

இதைத் தெளிவாகக் காண்பதற்கு, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலமே ஏற்ற காலம். பெருவிழாக்கள் போன்ற சில நாட்கள் நீங்கலாக, அக்காலத்தில் இசைக்கருவிகள் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே ஒலிக்கலாம் என்பது திருச்சபையின் ஒழுங்கு, அல்லேலூயாவும் பாடப்படுவதில்லை. முன்னிசை, இடையிசை, கீபோர்டில் பதிந்துவைத்த தாளம் யாவும் ஓய்ந்துவிட, ஆர்மோனியத்தின் ஒற்றைச் சுருதி மட்டும் மிஞ்சும். இயேசுவின் பாடுகளை நினைந்து தலம் தலமாகச் செபிக்கும் வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதையில் ஒரு தலத்திலிருந்து அடுத்த தலத்துக்கு நகரும்போது, புத்தகம் இல்லாமலேயே பாட்டிமார் அடியெடுத்துக் கொடுப்பார்கள். முழந்தாளிட்டு எழுந்த களைப்பில் மூச்சு வாங்கும், தாளம் சற்றுப் பின்தங்கும், ஆனால் எந்தச் சொல்லும் விழுங்கப்படாது. பயிற்சி பெற்ற குழு இடையிசையில் தவறவிடும் நிதானத்தை நான் அவர்களிடம்தான் கேட்டிருக்கிறேன்.

ஆகவே இப்போது மற்றக் காலங்களிலும் திருவிருந்துப் பாடலின் கடைசிச் சரணத்தில் குழுவின் மைக்கை அணைத்துவிடுகிறோம். பங்குத்தந்தை உடனே ஒப்புக்கொண்டார். குழுவில் சிலருக்கு வருத்தம் உண்டு. உழைத்துப் பழகியதை ஊர் கேட்க வேண்டும் என்று அவர்கள் விரும்புவதில் தவறும் இல்லை. கீபோர்டு வாசிக்கும் தம்பிக்கு இன்றுவரை இதில் முழு உடன்பாடில்லை. பங்குத் திருவிழாத் திருப்பலியை மட்டும் அவர் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறோம்.