தோள் ஆபரேஷனுக்குப் பின் ரீக்ளைனரில் சிபேப்போடு தூங்குவது

தோளில் கிழிந்த தசைநாரைத் தைத்த பிறகு கட்டிலில் மட்டமாகப் படுக்க முடியாது. தோள் பின்னுக்குச் சரிந்து இழுக்கும். கை பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஸ்லிங்கில் இருக்கும்; அந்த இரவுகளைப் பலரும் ரீக்ளைனரில், அதாவது பின்னுக்குச் சாயும் நாற்காலியில், அரைச் சாய்வாகத்தான் கழிக்கிறோம். ஸ்லீப் அப்னியாவுக்கு (தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருவது) சிபேப், அதாவது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் மெஷின், போடுகிறவர்களுக்கு இதில் கூடுதல் வேலை உண்டு. மாஸ்க் உட்காரும் விதம், ட்யூப் வரும் வழி, மெஷின் இருக்கும் உயரம் எல்லாம் மாறிவிடும். இரண்டு கையும் வேலை செய்யும் நாட்களிலேயே சில இரவுகள் அப்படித் தூங்கிப் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

மயக்க மருந்து டாக்டரிடம் அப்னியா இருப்பதையும் மெஷினில் வைத்திருக்கும் அழுத்த அளவையும் சொல்லிவிட வேண்டும். மெஷின், மாஸ்க் இரண்டும் கையோடு போக வேண்டும். தோள் ஆபரேஷனில் கழுத்தோரம் ஊசி போட்டு நரம்புகளை மரக்கச் செய்வது வழக்கம். அந்த மருந்து பெரும்பாலும் உதரவிதானத்துக்குப் போகும் நரம்பையும் சேர்த்து மரக்கச் செய்துவிடும். மருந்தின் வேகம் இருக்கும்வரை அந்தப் பக்கத்து உதரவிதானம் சரியாக இறங்காது. மூச்சு பாதியில் நிற்பதுபோல் இருக்கும். நிமிர்ந்து சாய்ந்திருந்தால் கொஞ்சம் ஆறுதல். மூச்சுத்திணறல் கூடிக்கொண்டே போனால் விடியும்வரை காத்திருக்காமல் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ட்ரமடால் போன்ற ஓபியாய்டு வலி மாத்திரைகளும் மூச்சை மந்தப்படுத்துபவை. ஆகவே இந்த நாட்களில் பகலில் கண்ணயர்ந்தாலும் மாஸ்க் போட்டாக வேண்டும். "சாய்ந்துதானே தூங்குகிறேன், மெஷின் எதற்கு?" என்று கேட்பவர்கள் நிறைய. சாய்வு அடைப்பைக் குறைக்கும். பெரும்பாலானவர்களுக்கு அதை ஒழிக்காது.

நாற்காலி வாங்கும்போதோ இரவல் கேட்கும்போதோ லீவர் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கையால் இழுக்கும் ரீக்ளைனர்களில் பெரும்பாலும் வலப்பக்கம் இருக்கும். ஆபரேஷன் வலத் தோளில் என்றால் அது உதவாது. மோட்டார் ரீக்ளைனர் சௌகரியம்தான், ஆனால் மின்சாரம் போனால் சாய்ந்தபடியே மாட்டிக்கொள்வீர்கள். பேட்டரி வசதி உள்ளதா என்று கேளுங்கள். இல்லையென்றால் நாற்காலி, மெஷின் இரண்டின் பிளக்கையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். ஹ்யூமிடிஃபையரையும் (காற்றை ஈரப்படுத்தும் நீர்த்தொட்டி) சூடேறும் ட்யூபையும் அணைத்துவிட்டால் மெஷின் இழுக்கும் மின்சாரம் நன்றாகக் குறையும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை கழுத்துதான். ரீக்ளைனரின் தலைப்பகுதி டி.வி. பார்ப்பதற்காகச் செய்தது, பஞ்சு புடைத்துத் தலையை முன்னே தள்ளும். தூக்கம் ஆழமானதும் மோவாய் நெஞ்சில் இறங்கும், தொண்டை மடங்கும். மடங்கிய தோட்டக் குழாயில் மோட்டாரைக் கூட்டினால் தண்ணீர் வந்துவிடுமா? அதே கதைதான்: அழுத்தத்தைத் தானாக மாற்றும் மெஷின் அதை ஏற்றிக்கொண்டே போகும், அடைப்பு திறக்காது, அழுத்தம் கூடியதால் மாஸ்க் ஒழுகத் தொடங்கும். பலர் இந்த இடத்தில் மாஸ்க்கைக் குறை சொல்லிப் புதிது வாங்குகிறார்கள்.

சரிசெய்ய வேண்டியது தலையணையை. தலைக்குப் பின்னால் எதுவும் வைக்காதீர்கள். இடுப்பிலிருந்து தோள்பட்டை எலும்பு வரை மெல்லிய தலையணையோ மடித்த போர்வையோ வைத்து உடம்பை முன்னே கொண்டுவந்தால், தலை தானாகப் பின்னே சாய்ந்து கழுத்து நேராகும். மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவே நான்கு விரல் தாராளமாக நுழைய வேண்டும் என்பது என் கணக்கு. அப்படியும் தலை கவிழ்ந்தால் பஞ்சு வைத்த மென்மையான கழுத்துப் பட்டை கைகொடுக்கும். இறுக்கக் கூடாது, மோவாயைத் தாங்கினால் போதும். பயணத்துக்கு வாங்கிய வளைவுத் தலையணை இருந்தால் திருப்பிப் போடுங்கள்: தடித்த பக்கம் மோவாய்க்குக் கீழே. வழக்கம்போல் போட்டால் அதுவும் தலையை முன்னேதான் தள்ளும். பட்டை போடுகிறவர்கள் வாயையும் மூடும் பெரிய மாஸ்க்கின் கீழ் விளிம்பு அதில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடித்தால் மாஸ்க் மேலேறி மூக்குப் பாலத்தில் காற்று ஒழுகி, கண் உலர்ந்துபோகும்.

சாய்வுக் கோணம் 30 முதல் 45 டிகிரி வரை வைத்துக்கொள்ளலாம். அதற்குமேல் நிமிர்ந்தால் தலை கவிழும், உடம்பும் வழுக்கிக் கீழிறங்கும். முழங்காலுக்குக் கீழே சிறு தலையணை வைத்தால் வழுக்குவது நிற்கும். கால் பலகையை உயர்த்தியே தூங்குங்கள், தொங்கவிட்டால் பாதம் வீங்கும். விழிக்கும்போதெல்லாம் பாதத்தை மேலும் கீழும் அசைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டைக்கால் வலியும் வந்தால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும், காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும்.

மெஷினை நல்ல கைப் பக்கம், தலையைவிடத் தாழ்ந்த உயரத்தில், ஆடாத ஸ்டூலில் வையுங்கள். தரையில் வைத்தால் தூசி ஃபில்டரில் ஏறும். தலைக்கு மேல் அலமாரியில் வைத்தால் ட்யூபில் சேரும் நீர் மூக்குக்கு வரும். தாழ்வாக இருந்தால் தொட்டிக்கே திரும்பிப் போகும். கடகடவென்று சத்தம் கேட்டால் நீர் தேங்கியிருக்கிறது என்று பொருள். ஏ.சி. காற்று ட்யூபில் நேராகப் படாமல் திருப்பி, துணி உறை போட்டு, ஈரப்பத அளவை ஒரு படி குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். மெஷினை நகர்த்துமுன் தொட்டியைக் கழற்றிவிடுங்கள், நீர் உள்ளே போனால் மெஷின் கெட்டுவிடும்.

வழக்கமான ட்யூப் சுமார் 1.8 மீட்டர். நாற்காலி முழுதாகச் சாயும்போது அது எட்டுகிறதா, கீழே மடங்கும் இரும்புச் சட்டத்தில் நசுங்குகிறதா என்று விழித்திருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். ட்யூபைக் கைப்பிடி ஓரமாக விடாமல் முதுகுப்பகுதியின் மேல் வழியாகக் கொண்டுவந்து, தலையருகே ஒரு வளைவு தளர்வாக விட்டால் நசுங்காது, மாஸ்க்கையும் இழுக்காது. ரெக்ஸின், தோல் உறைகளில் பின்தலை ஸ்ட்ராப் வழுக்கும், பருத்தித் துண்டு ஒன்றை விரித்துவிடுங்கள். ஸ்ட்ராப்பை அளவு பார்ப்பது சாய்ந்த நிலையில், காற்று ஓடும்போதுதான் சரியாக வரும்.

ஒற்றைக் கையால் மாட்டக் காந்தக் கிளிப் மாஸ்க் வசதி. ஆனால் உங்களுக்கோ அருகில் படுப்பவருக்கோ பேஸ்மேக்கர் போன்ற கருவி இருந்தால் காந்தம் இல்லாததே வேண்டும். இரவில் பாத்ரூம் போக மாஸ்க்கைக் கழற்றாதீர்கள்; ட்யூப் சேருமிடத்தில் பிரித்தால் போதும்.

காலையில் திரையில் வரும் ஏ.எச்.ஐ. எண், ஒரு மணி நேரத்தில் மூச்சு தடைப்பட்ட சராசரி. 5-க்குக் கீழே இருந்தால் நல்லது. ஆனால் சராசரி பலதை மறைக்கும். மெமரி கார்டை ஆஸ்கர் என்ற இலவச மென்பொருளில் போட்டுப் பார்த்தால் எந்த நேரத்தில் தடைப்பட்டது என்று தெரியும். இருபது நிமிடம், அரை மணி என்று அடைப்புகள் கொத்தாகக் குவிந்து, பிறகு சட்டென்று நின்றிருந்தால் கழுத்து மடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். கனவுத் தூக்கத்திலும் கொத்து வரும், ஆனால் அது சுமார் ஒன்றரை மணிக்கு ஒருமுறை திரும்பும். பட்டை போட்ட இரவையும் போடாத இரவையும் ஒப்பிட்டால் தெளிவாகும். அடைப்பு இல்லாமலே மூச்சு நின்றதாக மெஷின் குறித்திருந்தால், முக்கியமாக ஓபியாய்டு சாப்பிடும் நாட்களில், டாக்டருக்குச் சொல்லுங்கள். அழுத்தத்தை நாமே கூட்டுவது அதற்கு மருந்தல்ல.

நிலையான அழுத்தம் வைத்திருப்பவர்களுக்கு, படுத்த நிலைக்கென்று நிர்ணயித்த அளவு சாய்ந்திருக்கும்போது மிகையாகத் தோன்றலாம். வயிற்றில் காற்று நிறைவது, ஏப்பம், ஒழுகல் எல்லாம் அதனால் வரும். டாக்டரிடம் கேட்டே குறைக்க வேண்டும்; கட்டிலுக்குத் திரும்பும் நாளில் பழைய அளவுக்கு மாற்ற மறக்கக் கூடாது. ரீக்ளைனரிலிருந்து நேரே மட்டப் படுக்கைக்குப் போகாமல், நடுவில் சில இரவுகள் சாய்வுத் தலையணையில் படுத்து எண்களைப் பாருங்கள். தானியங்கி மெஷினில் அழுத்தம் மெல்ல உயர்வது அங்கேயே தெரிந்துவிடும்.