பைக்கா சாரும் ஒரு அட்டைப்படமும்

சேலத்தில் நமக்கு இதழ் வடிவமைப்பு கற்றுக்கொடுத்த பைக்கா சார் போய்விட்டார் என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது, ஷார்ஜாவில் ஒரு ஹைப்பர்மார்க்கெட்டின் சலுகைத் துண்டறிக்கையில் கோழி விலையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் குழுவில் கைகூப்பும் பொம்மைகள் வரிசையாக வந்தன. அப்புறம் ஒருவன் எழுதினான்: "போஸ்டரை அஞ்சலியே பண்ணட்டும்." அஞ்சலி என்பது நான்தான். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று நம் பேட்ச்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் முன்னாள் மாணவர் சங்க மலரைப் படிக்கும் மற்ற பேட்ச்காரர்களுக்காகச் சொல்கிறேன்.

சாரின் உண்மைப் பெயரை நாம் மார்க் ஷீட்டில் பார்த்ததோடு சரி. சட்டைப் பையில் பேனா இருக்காது, அச்சைப் பெரிதாக்கிப் பார்க்கும் லூப் கண்ணாடி இருக்கும். கையில் எஃகு ஸ்கேல். ஒரு இஞ்சுக்கு 6 பைக்கா, ஒரு பைக்காவுக்கு 12 பாயிண்ட் என்று அச்சு அளவுக் கணக்கை முதல் வகுப்பில் எழுதிப்போட்டவர், கடைசி வரை சென்டிமீட்டரை மதித்ததே இல்லை. விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) சேர்ந்தால் சினிமாவுக்குப் போய்விடலாம் என்று வந்தவர்கள்தானே நாம் எல்லோரும். கேமரா கிடைக்கும் என்று காத்திருந்தவர்கள் கையில் அவர் கத்தரிக்கோலும் பழைய வார இதழ்க் கட்டும் கொடுத்தார். "பக்கத்தை வெட்டிப் பிரி. தலைப்பு தனியா, படம் தனியா, எழுத்து தனியா. அப்புறம் எதை எங்க வெச்சா என்ன ஆகுதுன்னு பாரு."

அவர் படித்து வந்த வாத்தியார் இல்லை, அச்சகத்தில் எழுத்துக் கோத்து வந்தவர். 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்த சமயம் கம்போசிட்டராக இருந்தாராம். தும்பிக்கை வைத்த பழைய 'லை'யும் புது 'லை'யும் ஒரே பக்கத்தில் சண்டை போட்ட கதையை அவர் சொல்லிக் கேட்க வேண்டும். அந்த அனுபவத்தில் வந்த பாடங்கள் நம் ஆங்கிலப் பாடப் புத்தகத்தில் இல்லை. தமிழில் மேலே சுழியும் கீழே கொம்பும் இருப்பதால் வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைவிடக் கூடுதல் இடம் விட வேண்டும்; சொற்கள் நீளமானவை, ஒடுங்கிய பத்தியில் இரு ஓரமும் சமமாக இழுத்துக் கட்டினால் சொற்களுக்கு நடுவே பள்ளம் விழும். அந்தப் பள்ளங்கள் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சேர்ந்து பக்கத்தின் குறுக்கே வெள்ளைக் கோடு இறங்கினால் சிவப்புப் பேனாவில் "திருமணிமுத்தாறு" என்று எழுதிவிடுவார். ஊருக்குள் ஓடும் ஆற்றின் பெயர் அது; சேலத்துப் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

படத்துக்கு அர்த்தம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவருக்குப் பிடித்த பாடம். குறிப்பான் (கண்ணில் படுவது), குறிப்பீடு (அது மனதில் எழுப்பும் பொருள்) என்று பலகையில் எழுதுவார், எழுதிய கையோடு அழித்தும் விடுவார். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலண்ட் பார்த் முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து 'பாரி மாட்ச்' வார இதழின் அட்டையைப் பார்த்த கதையை மட்டும் எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது அவருக்கு. பிரெஞ்சு ராணுவ உடையில் ஒரு கறுப்பின இளைஞன் சல்யூட் அடிக்கிறான். படத்தில் இருப்பது அவ்வளவுதான். ஆனால் அந்த அட்டை சொல்வது வேறு: எங்கள் பேரரசு நல்லது, நாங்கள் ஆளும் மக்களே எங்களுக்கு விசுவாசமாக இருக்கிறார்கள் பார். "ஒரு வார்த்தை எழுதல. போட்டோவே பொய் சாட்சி சொல்லுது" என்பார் சார்.

உள்ளூர் உதாரணமும் கைவசம் வைத்திருந்தார். 1987இல் ஆனந்த விகடன் அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. ஊரெல்லாம் எதிர்ப்புக் கிளம்பி சில நாளிலேயே அவர் வெளியே வந்துவிட்டார். சார் கேட்ட கேள்வி இது: "அதே ஜோக் 40ஆம் பக்கத்துல ஒரு மூலையில வந்திருந்தா யாராச்சும் சட்டசபையில எழுந்திருப்பாங்களா?" யாருக்கும் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் ஒரு படத்தை எங்கே வைப்பது என்று தயங்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான் வரும். நேஷனல் ஜியாகிரஃபிக் 1982 பிப்ரவரி அட்டைக்காகக் கணினியில் பிரமிடுகளை நகர்த்திய கதையும் சொல்வார். படுக்கைவாட்டில் எடுத்த படம், நிற்கும் அட்டைக்குள் அடங்கவில்லை, அதனால் பிரமிடை நெருக்கி வைத்துவிட்டார்கள். "நாலாயிரம் வருஷமா நகராததை லே-அவுட் ஆர்ட்டிஸ்ட் நகர்த்திட்டான்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் கண்டிப்பைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது என்பது என் சந்தேகம்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

மூன்றாம் ஆண்டுப் பயிற்சி இதழ். 16 பக்கம், ஒரே பெரிய தாளை மடித்த ஒரு பாரம், சென்டர் பின். கரு: ஏற்காட்டுக் காபி. டிசம்பரில் பழம் பறிக்கும் பருவத்தில் எங்களை மலைக்கு அழைத்துப்போனார். பஸ் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டும்போது ஜன்னல் வழியே கையைக் காட்டினார். டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய ஸ்டுடியோ, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் எடுத்த இடம். அந்த வளைவு மட்டும் நிற்கிறது. "படம் போச்சு, ஃப்ரேம் மிச்சம்" என்றார். அப்புறம் 20 கொண்டை ஊசி வளைவுகள். பின் சீட்டில் வாந்தி எடுத்தது யார் என்று இங்கே எழுதமாட்டேன், அவன் இப்போது சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறான்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த செடி, மலை முழுக்கப் பரவியிருக்கிறது. சில்வர் ஓக் நிழல், அதில் ஏறிய மிளகுக் கொடி, கீழே காபி. எல்லோரும் சிவப்புப் பழத்தை நெருங்கி நெருங்கிப் படமெடுத்தார்கள். நான் ஒரு அம்மாவை எடுத்தேன். வயது எழுபது இருக்கும். கூடையை இறக்கிவிட்டு நேராகக் கேமராவைப் பார்த்தார், சிரிக்கவில்லை. கறுப்பு வெள்ளை ரோல். பின்னணி இருட்டு. டார்க் ரூமில் அந்த முகம் காகிதத்தில் மெல்ல ஏறி வந்தபோது என் கூட நின்றவர்களும் வாயடைத்துப் போனார்கள். அந்தப் படம் நல்ல படம். அதை இன்றும் சொல்வேன்.

முழு அட்டைக்கும் அதையே வைத்தேன். சுற்றிலும் தடித்த கறுப்புக் கட்டம். கீழே வெள்ளை எழுத்தில் தலைப்பு: "உழைப்பின் மறு உருவம்." டம்மியை, அதாவது மாதிரிப் பிரதியை, கொண்டுபோய் நீட்டினேன். சார் லூப்பை எடுக்கவில்லை. "வா, டீ குடிக்கலாம்" என்றார். வெள்ளிக்கிழமை, கிரிட்டிக், அதாவது செய்த வேலையை அலசும் வகுப்பு, நடக்கும் நேரம். வகுப்பே பின்னால் வந்தது.

வாசல் டீக்கடையை உங்களுக்கு நான் வர்ணிக்க வேண்டாம். டம்மியை பாட்டில்களுக்கு நடுவே நிறுத்திவிட்டு "மாஸ்டர், இது என்னன்னு சொல்லுங்க" என்றார் சார்.

மாஸ்டர் ஆற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தார். "அடப் பாவமே. எப்பங்க தவறுனாங்க?"

பெஞ்சில் இருந்த பெரியவர் ஒருவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். இன்னொருவர் இன்னும் உற்றுப் பார்த்துவிட்டு, "தோற்றம் மறைவு தேதி போடலியே, பிரஸ்காரன் விட்டுட்டான் போல" என்றார்.

பின்னால் நின்ற கூட்டம் வெடித்துச் சிரித்தது. நான் விடவில்லை. நேராகப் பார்க்கும் கண் பார்ப்பவரிடம் எதையோ கேட்கிறது என்று புத்தகத்தில் படித்ததை அங்கேயே நின்று சொன்னேன். "கேட்டுச்சு. மாஸ்டர் பதிலும் சொல்லிட்டாரு" என்றார் சார். "ரோலண்ட் பார்த்துக்குச் சலூன்டா, நமக்கு டீக்கடை. உன் அட்டைக்கு அர்த்தம் உங்கிட்ட இல்ல. இந்த ஊர்ச் சுவத்துல இருபது வருஷமா ஒட்டின போஸ்டர்ல இருக்கு."

அவர் சொன்னது சரிதான். அதை என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். அன்று மாலையே எனக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. பிரிவுபசார விழாவில் மேடையேறியபோதும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். பெண் வீட்டார் விசாரித்தபோது, ஹாஸ்டல் தோழன் ஒருவன் அதே பெயரைச் சொல்லி அவர்களைக் குழப்பியது தனிக் கதை.

அட்டையை மாற்றினோம். அதே அம்மாவின் கைகள், கூடை, நாலு கலரில் சிவப்புப் பழம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் இருந்த அச்சகத்தில் முதல் தாள் வந்ததும் சார் லூப்பை என் கண்ணில் வைத்தார். புள்ளிகள். ஒவ்வொரு நிறத்தின் புள்ளி வரிசைக்கும் ஒரு சாய்வு: கறுப்பு 45 டிகிரி, மெஜந்தா 75, சையான் 15, மஞ்சள் 0. கறுப்புதான் கண்ணை அதிகம் உறுத்தும் நிறம், 45இல் சாய்த்தால் அதன் வரிசை தெரியாது. மஞ்சளோ எங்கே போட்டாலும் பளிச்சென்று தெரியாது, மிச்சக் கோணத்தை அதற்குத் தள்ளிவிடலாம். டீக்கடையில் என்னை அழவைக்கப் பார்த்த அதே மனிதர், தோளைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பொறுமையாகச் சொன்னார். அவரைத் திட்டவும் முடியாமல் கும்பிடவும் முடியாமல் நின்றேன்.

பிரதி கொடுப்பதற்காக மறுபடி மலைக்குப் போனோம். அது அவர் விதி: யாரைப் படமெடுத்தாயோ அவர் கையில் முதல் பிரதி. அந்த அம்மா இதழை முன்னும் பின்னும் புரட்டினார்.

"கை இருக்குது. மூஞ்சி எங்க கண்ணு?"

நான் சாரைப் பார்த்தேன். அவர் காபிச் செடியைப் பார்த்தார். முகப்படம் தனியாக இருக்கிறது என்று இழுத்தபடி சொன்னேன். "அதக் கொண்டாந்து குடு சாமி. எங்கூட்டுல எம்போட்டோ ஒண்ணுகூட இல்ல. நான் போனப்புறம் மாட்டறதுக்கு ஆவும்."

திரும்பும் பஸ்ஸில் சார் எதுவும் பேசவில்லை. பாடமும் நடத்தவில்லை, அவருக்கு அது அபூர்வம். அஸ்தம்பட்டி வந்ததும் இறங்கிப் போய்விட்டார்.

தேர்வு, சென்னையில் நேர்காணல், விசா என்று அடுத்த சில மாதங்கள் ஓடின. சார்தான் நெகட்டிவை வாங்கி, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஃப்ரேம் அடித்து, தனியாக மலையேறிப் போய்க் கொடுத்திருக்கிறார். பல வருடம் கழித்து ஃபோனில் பேச்சுவாக்கில் சொன்னார். "கறுப்புக் கட்டத்தோடவே போட்டேன்டா. அந்தம்மாவுக்கு அதுதான் புடிச்சிருந்துச்சு."

இங்கே ஷார்ஜாவுக்கு வந்த புதிதில் அவர் கற்றுக்கொடுத்ததில் பாதி தலைகீழானது. இடப்பக்கம் தெரிந்தது, வலப்பக்கம் புதியது என்று படித்திருந்தோம். அரபி இதழ் வலமிருந்து திறக்கும். அட்டை என்று நான் நினைத்தது அவர்களுக்குப் பின்பக்கம். ஆங்கிலப் பக்கத்தில் முன்னோக்கிப் பார்க்கும் மாடல், அரபிப் பக்கத்தில் வந்த வழியைத் திரும்பிப் பார்க்கிறாள். படத்தைத் திருப்பிப் போட்டால் கைக்கடிகாரம் வலது கைக்குப் போய்விடும், சட்டைப் பித்தான் பக்கம் மாறிவிடும். ஃபோனில் சாரிடம் சொன்னேன். குழந்தைபோல் குதித்தார். "அந்தத் துண்டறிக்கையெல்லாம் அனுப்பு, கிளாஸ்ல காட்டறேன். இல்லேன்னா ஊருக்கு வர்றப்ப நீயே வந்து ஒரு கிளாஸ் எடு." ஒவ்வொரு விடுமுறையிலும் அம்மாவுக்கு ஆஸ்பத்திரி, மச்சினன் கல்யாணம், நிலப் பத்திரம் என்று ஏதாவது இருந்தது. துண்டறிக்கைகளை மட்டும் அனுப்பினேன். இதழ் வடிவமைப்பு படித்துவிட்டு வெங்காய விலையை வடிவமைக்கிறேன் என்று அவரிடம் நான் புலம்பியதே இல்லை, அவரும் கேட்டதில்லை.

அஞ்சலி போஸ்டரைச் செய்தி வந்த அன்று இரவே செய்தேன். வெள்ளைப் பரப்பு, மூலையில் சிறிதாக ஒரு படம், ஒரு மெல்லிய கோடு, பெயர். கறுப்புக் கட்டம் கிடையாது. நன்றாகத்தான் இருந்தது. சாரின் வீட்டம்மாவுக்கு அனுப்பினேன், அவரே கூப்பிட்டார். "தம்பி, இது நல்லாருக்கு. ஆனா தெருவுல போறவங்களுக்குப் பார்த்ததும் தெரியோணும்ல? மேல பெருசா கண்ணீர் அஞ்சலின்னு போட்டுருங்க. ரெண்டு பக்கமும் விளக்கு. கட்டம் தடிமனா." அப்படியே போட்டேன். லீவு கிடைக்கவில்லை, சுவரில் ஒட்டியதை ஜூனியர் ஒருவன் படமெடுத்து அனுப்பினான்.

மலர்க் குழுவுக்கும் சங்கத்துக்கும் ஒரு விஷயம். நம் துறையில் பயிற்சி இதழை இப்போது அச்சடிப்பதில்லை, பிடிஎஃப் மட்டும்தான் என்று கேள்விப்படுகிறேன். பிடிஎஃப்பை டீக்கடை பெஞ்சில் வைக்க முடியாது, யார் கையிலும் கொண்டுபோய்க் கொடுக்கவும் முடியாது. ஆண்டுக்கு ஒரு இதழ், 16 பக்கம், சென்டர் பின். நம் ஒன்றுகூடலின் பிரியாணிச் செலவைக் கொஞ்சம் குறைத்தால் போதும். பணத்தைத் துறைக்கே அனுப்பிவிடலாம், லே-அவுட்டில் நாம் யாரும் மூக்கை நுழைக்க வேண்டாம், பிள்ளைகள் செய்யட்டும். அட்டை மட்டும் நாலு கலர், உள்ளே ஒரே கலர் போதும் என்று பொருளாளர் கட்டாயம் சொல்வார். ஒத்துக்கொள்ளாதீர்கள்.