பகல் இரண்டு மணிக்குப் படுத்துவிடும் பிரின்டர்

களுவாஞ்சிகுடியில் சின்னதாக ஒரு போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் முழுக்க ஒரே தொல்லை. காலையில் ஒழுங்காக அடிக்கும் பிரின்டர், பகல் இரண்டு மணிக்குப் பிறகு செத்தது போல் கிடக்கும். கேபிளை மாற்றினேன், டிரைவரை அழித்துத் திரும்பப் போட்டேன். ஒன்றும் சரிவரவில்லை.

கடைசியில் கணினியில் கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து 'ஏஆர்பி மைனஸ் ஏ' அடித்துப் பார்த்தேன். எந்த ஐபி (நெட்வேர்க்கில் கருவிக்குக் கொடுக்கும் இலக்கம்) எந்த மேக் முகவரியிடம் (கருவியின் நெட்வேர்க் அடையாள எழுத்துகள்) இருக்கிறது என்று அது காட்டும். பிரின்டருக்கு நான் கையால் கொடுத்த ஐபி 192.168.1.10. அதற்கு நேரே இருந்த ஆறு சோடி எழுத்துகளும், பிரின்டரின் அடியில் ஒட்டியிருந்த எழுத்துகளும் வேறு வேறு!

அந்த ஆறு சோடி மொத்தம் 48 பிட். முதல் மூன்று சோடியைப் பெரும்பாலும் ஐஇஇஇ என்ற பொறியியலாளர் அமைப்பு தயாரிப்பாளருக்கு ஒதுக்கியிருக்கும். நான் பார்த்ததோ 'டி6' என்று தொடங்கியது. இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ என்று வந்தால் அது கம்பனி கொடுத்ததல்ல, கருவி தானே போட்டுக்கொண்ட முகமூடி. ஆண்ட்ராய்டு 10 முதல் போன்கள் வழமையாகவே அப்படித்தான் செய்கின்றன.

போன் என்றதும் விளங்கிவிட்டது. சோறு தின்னப் போகும்போது கரண்ட் மிச்சம் என்று பிரின்டரை நிற்பாட்டுவேன். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடம் விட்டு மருமகன் வருவான். ரவுட்டர் சும்மா கிடந்த 10ஐ அவன் போனுக்குக் கொடுத்துவிடும். நான் அனுப்பியதெல்லாம் அவன் சட்டைப் பைக்குப் போயிருக்கிறது. "மாமா, நான் ஒண்டும் செய்யல்ல" என்றான். உண்மைதான்.

இந்த மேக் முகவரி ரவுட்டரைத் தாண்டிப் போகாது. சின்ன வயதில் மண்டூர் முருகன் கோயிலுக்குப் போவோம். குருமண்வெளித் துறைவரை ஒரு வண்டி, அக்கரையில் இறங்கினால் வேறு வண்டி. போகும் ஆள் மட்டும் அதே ஆள். ஐபி அந்த ஆள், மேக் அந்தந்தக் கரை வண்டி.

ரவுட்டரில் பிரின்டரின் மேக்கை எழுதி 10ஐ அதற்கே ஒதுக்கிவிட்டேன். மறக்காமலிருக்க அந்தப் பன்னிரண்டு எழுத்தையும் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் வைபை பாஸ்வேர்டா என்று கேட்கிறார்கள். ஒருவர் கேட்காமலே அடித்துப் பார்த்துவிட்டு, பிழையென்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.