நங்கூரம் போட்டவன் பிழைப்பான்: வடகடலில் ஒரு திகில் கேம் செய்த அனுபவம்

பாம்பன்காரன் திகில் கேம் செய்கிறான் என்று தெரிந்ததும் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "தனுஷ்கோடிதானே?"

இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பயணிகள் ரயிலே கடலுக்குள் போனது. அன்றைக்கு ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் எங்கள் தீவில் இன்னும் இருக்கின்றன. இடிந்த தேவாலயச் சுவரைக் காட்டி 'பேய் நகரம்' என்று வீடியோ போடுகிறவர்கள், அந்த வீட்டுத் திண்ணைகளில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால் தேவலை. செத்தவர்களைப் பேயாக்கிக் காசு பார்க்கக் கூடாது என்பதுதான் நான் போட்ட முதல் விதி. கதை, படம், கோடிங் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அப்படியானால் எதை வைத்துப் பயமுறுத்துவது? மாமாவிடம் கேட்டேன். சின்ன வயதிலிருந்து நாட்டுப்படகில் வடகடலுக்கு, அதாவது எங்கள் தீவுக்கு வடக்கே கிடக்கும் பாக் விரிகுடாவுக்குப் போகிறவர்.

"பேய் பிசாசுக்கெல்லாம் எவன் பயப்படுறான் மாப்ள. கரைக்கணக்கு தப்பிருச்சுன்னாதான் வயித்தக் கலக்கும்."

கரைக்கணக்கு என்று அவர் சொன்னது இதுதான். கடலுக்குள் இருந்துகொண்டு கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் பிடிப்பார்கள். ராமேஸ்வரம் டிவி டவர் 323 மீட்டர் உயரம். அதன் சிவப்பு விளக்கு வெகுதூரம் தெரியும். அதற்கு முன்னால் கரையோரக் குருசடியின் (சின்னச் சிலுவைக் கோயிலின்) விளக்கு நேராக வந்து நின்றால், படகு அந்தக் கோட்டில் எங்கோ இருக்கிறது. இன்னொரு பக்கம் பாம்பன் கலங்கரை விளக்கையும் வேறொரு விளக்கையும் அதேபோல் சேர்த்தால் இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் கிடைத்துவிடும். அங்கேதான் வலை கிடக்கும். ஜிபிஎஸ் வந்த பிறகும் மாமா இந்தப் பழக்கத்தை விடவில்லை. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், படகை இழுத்துக்கொண்டு போகும்போது சிவப்பு விளக்கு குருசடி விளக்கிலிருந்து மெல்ல விலகும். அந்த விலகலைப் பார்த்தே எவ்வளவு தூரம் இழுபட்டிருக்கிறோம் என்று சொல்லிவிடுவார்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே கேம் மனசுக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. ஒரு நாட்டுப்படகு, அதன் சொந்தக்காரரான சம்மாட்டி, ஒரு பையன், ஒரு அமாவாசை இரவு. ஜிபிஎஸ் கருவியில் சார்ஜ் இல்லை. நீங்கள் இரண்டு விளக்குகளையும் நேராகப் பிடித்து வலை போட்ட இடத்துக்குப் போகிறீர்கள். நீவாடு இழுக்கிறது, நேரம் போகிறது. ஆனால் அந்த இரண்டு விளக்குகளும் விலகவே இல்லை. ஏனென்றால் நீங்கள் குருசடி விளக்கு என்று நினைத்தது கரையில் இல்லை. உங்கள் கூடவே வந்துகொண்டிருக்கிறது.

கோடிங்கில் இது சில வரிகள்தான். உண்மையான விளக்குக்கு ஓர் இடத்தைக் கொடுத்தால் அது அங்கேயே நிற்கும், படகு நகர நகரத் திசை மாறும். பொய் விளக்குக்கு இடமே கிடையாது. திரையில் படம் மாறும் ஒவ்வொரு பிரேமிலும் படகையும் டவரையும் சேர்க்கும் கோட்டின்மேல், படகிலிருந்து ஒரே தூரத்தில் அதைக் கொண்டுபோய் வைத்தேன். ஆட்டம் போகப் போக அந்தத் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். கூடவே ஒரு தடயமும் விட்டேன். தாழ்ந்த படகில் உட்கார்ந்து பார்த்தால் கரையோர விளக்கு ஒவ்வொரு அலைக்கும் ஒருமுறை முங்கி எழும். இது முங்காது.

கடல் வெறிச்சென்று இருக்கக் காரணம் தேவைப்பட்டது. விசைப்படகுகள் தொழிலுக்குப் போகும் இரவென்றால் தூரத்தில் விளக்கு வரிசை தெரியும், பயம் போய்விடும். அதனால் கதையைத் தடைக்காலத்தில் வைத்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், நாட்டுப்படகுக்குத் தடையில்லை. சித்திரை அமாவாசை கச்சிதமாகப் பொருந்தியது.

கேமை கோடோ 4 என்ற கேம் செய்யும் மென்பொருளில் செய்தேன். காசில்லை என்பது ஒரு காரணம். தமிழை ஒழுங்காகக் காட்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம். இதன் பழைய 3-ஆம் பதிப்பில் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாகச் சிதறும். 4-லும் ஒரு சிக்கல் இருக்கிறது. வசனத்தை டைப் அடிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகக் காட்டும் உத்தி ஆங்கிலத்துக்குச் சரி. தமிழில் 'கொ' என்பது கணினிக்கு 'க' ஒன்று, அதன் பின்னால் வரும் குறி ஒன்று. முதலில் 'க' தெரியும். அடுத்த நொடி இடப்பக்கம் கொம்பு முளைத்து 'க' வலப்பக்கம் துள்ளும். திகிலான வசனத்தில் எழுத்து துள்ளினால் எல்லாம் கெட்டது. நான் சொல் சொல்லாகக் காட்டினேன். பயந்தவன் பேசுவதும் அப்படி விட்டு விட்டுத்தான் என்பதால் வசனத்துக்கு அதுவே நன்றாக அமைந்தது. எழுத்துருவுக்கு நோட்டோ தமிழ், அதுவும் இலவசம்.

ஒலிக்கு நான் கொடுத்த நேரத்தை வேறு எதற்கும் கொடுக்கவில்லை. போனைத் துண்டில் சுற்றி மாமா படகின் அணியத்தில் (முன்பக்கத்தில்) வைத்துப் பதிவு செய்தேன். இஞ்சின் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. நிறுத்தியதும் முதலில் காது 'கொய்ங்' என்று இருக்கும். பிறகுதான் பலகையில் தண்ணீர் தட்டுவது, கயிறு முனகுவது, எங்கோ மீன் துள்ளுவது எல்லாம் ஒவ்வொன்றாக வரும். இதையே ஆட்டத்தின் அச்சாக வைத்தேன். இஞ்சினைப் போட்டால் நகரலாம், ஆனால் எதுவும் கேட்காது. நிறுத்தினால் கேட்கும், ஆனால் நீவாடு இழுத்துவிடும். பின்னணி இசை என்று ஒன்று தேவையே படவில்லை.

தண்ணீருக்கு அடியில் ஏதோ போகிறது என்பதைக் காட்டப் பூங்கோரை உதவியது. அந்தப் பாசி மண்டினால் கடல் பகலில் பச்சையாகக் கிடக்கும், மீன்கள் செத்து ஒதுங்கும். இரவில் தண்ணீர் அசையும் இடத்தில் நீலமாக ஒளிரும். எனவே உருவத்தைக் காட்டவே இல்லை. படகுக்கு அடியில் இடமிருந்து வலமாக ஓர் ஒளிக்கோடு, அவ்வளவுதான். கோட்டின் அகலத்தைப் படகின் அகலத்தைவிடக் கூட்டியதும் எனக்கே முதுகு சில்லிட்டது.

முதல் ஆட்டத்தை மாமா கையில் கொடுத்தேன். வலையைத் தேடவில்லை, வசனம் படிக்கவில்லை. கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்.

"என்ன மாப்ள, இந்த லைட்டு அலைக்கு முங்கவே மாட்டேங்குது?"

சென்னை நண்பர்களோ கடைசிவரை அதைக் கவனிக்கவில்லை. விளக்கிச் சொல்லும் வசனம் வைக்க மனம் வரவில்லை. படகில் இருக்கும் பையன் பொழுதுபோகாமல் விளக்கு முங்குவதை எண்ணிக்கொண்டு வருவதாக எழுதினேன். ஒரு கட்டத்தில் அவன் எண்ணுவதை நிறுத்திவிடுவான். அதன்பிறகு எல்லாருக்கும் பிடிபட்டது.

முடிவு கிடைக்காமல் ரொம்ப நாள் தவித்தேன். விளக்கை விரட்டுவதா, அதனிடமிருந்து தப்பி ஓடுவதா? "நீங்களா இருந்தா என்ன மாமா செய்வீங்க?" என்றேன்.

"என்னத்தச் செய்ய? நங்கூரத்தப் போட்டுட்டு விடியுற வரைக்கும் உக்காந்துருவேன். வடகடல் ஆழமில்லாத கடல்தானே."

அதுதான் முடிவு. நங்கூரப் பொத்தான் முதல் காட்சியிலிருந்தே திரையில் இருக்கும். ஆடுகிறவர்கள் அதை மீன்பிடிக்கும் சாமான் என்றுதான் நினைப்பார்கள். இஞ்சினை முடுக்கி விளக்கை நோக்கிப் போனவனுக்கும் விலகி ஓடியவனுக்கும் ஒரே கதிதான். நங்கூரம் போட்டவன், விளக்கு படகோரம்வரை வந்து நிற்கும்போதும் எதையும் தொடாமல் இருந்தால் கிழக்கு வெளுக்கும். தொட்டால் கயிறு அறுந்துவிடும். அந்தக் காத்திருப்பை இரண்டு நிமிடத்துக்கு மேல் வைக்காதே என்று பலர் சொன்னார்கள். நான் நான்கு நிமிடம் வைத்திருக்கிறேன், குறைப்பதாக இல்லை.